மூலிகைக் குடிநீர் வீட்டில் போடப் போகிறீர்களா? பூ முதல் பட்டை வரை ஒரு வழிகாட்டி

நாட்டு மருந்துக் கடையில் சரக்கு வாங்குவது சுலபம். ‘ஆவாரம்பூ நூறு கிராம், மருதம்பட்டை நூறு, அதிமதுரம் ஐம்பது’ என்று சொன்னால் காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். எப்படிப் போடுவது என்று கேட்டால், ‘கொதிக்க வச்சுக் குடிங்க’ என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார்கள். வீட்டுக்கு வந்து யூடியூபைத் திறந்தால் ஒருவர் ஒரு ஸ்பூன் என்கிறார், இன்னொருவர் ஒரு கைப்பிடி என்கிறார். ஐந்து நிமிஷம் போதும் என்று ஒரு குரல், அரை மணி நேரம் வேண்டும் என்று இன்னொரு குரல். இந்தக் குழப்பத்திலிருந்து வெளியே வர எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

மூலிகை எது என்று பார்ப்பதற்கு முன், அது செடியின் எந்தப் பாகம் என்று பாருங்கள். நேரமும் தண்ணீர் அளவும் அதிலேயே பாதி முடிவாகிவிடும். பூவையும் மணமுள்ள இலையையும் கொதிக்க விடக் கூடாது. பட்டை கொதிக்காவிட்டால் சாரம் இறங்காது. விதையை இடித்தே ஆக வேண்டும். வேரில் இரண்டு சாதி உண்டு, அதைத் தனியாகப் பார்ப்போம்.

இங்கே நான் சொல்வது காபி, டீக்குப் பதிலாக வீட்டில் குடிக்கிற பானங்களை மட்டும். நோய்க்கு மருந்தாக வேண்டுமென்றால் சித்த மருத்துவரிடம் போங்கள்.

1. யார் குடிக்கப் போகிறார் என்று முதலில் பாருங்கள்

இதைக் கடைசியில் குறிப்பாகப் போடுகிறவர்கள்தான் அதிகம். நான் முதலில் வைக்கிறேன். ‘மூலிகைதானே, என்ன செய்துவிடும்’ என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

அதிமதுரத்தைத் தொடர்ந்து குடித்தால் ரத்த அழுத்தம் ஏறும், உடம்பில் பொட்டாசியம் குறையும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தொட வேண்டாம். ஆடாதோடை இலையும் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை அதற்கு உண்டு. சீந்தில் கொடியை எதிர்ப்பு சக்திக்கு என்று கொரோனா காலத்தில் பலரும் தினமும் குடித்தார்கள். அப்படிக் குடித்த சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் சீந்திலை மருத்துவர் சொல்லாமல் எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் ஆவாரம்பூ குடிக்கத் தொடங்கினால், குளூக்கோமீட்டரில் அளவைப் பார்த்துக்கொண்டே குடியுங்கள். மாத்திரையும் பூவும் சேர்ந்து சர்க்கரையை அதிகமாக இறக்கிவிடலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், சிறுநீரகத்தில் கோளாறு உள்ளவர்கள், அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கியிருப்பவர்கள் எல்லோரும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு இவை எதுவும் வேண்டாம், தேனும் கூடாது.

கேட்பதற்குச் செலவில்லை. அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்தா பிரிவு இருக்கிறது. சென்னைக்காரர்களுக்குத் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும், அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு மருத்துவமனையும் உண்டு. போகும்போது மூன்று தாள்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இப்போது சாப்பிடுகிற மாத்திரைகளின் சீட்டு, கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு, நீங்கள் குடிக்க நினைக்கிற சரக்குகளின் பட்டியல். மூன்றாவதை யாரும் எழுதிக்கொண்டு போவதில்லை. அங்கே போய் ‘ஏதோ ஒரு பட்டை டாக்டர்’ என்றால் அவர் என்ன சொல்ல முடியும்?

2. சரக்கு வாங்குவது

சென்னையில் பார்க் டவுன் ராசப்ப செட்டி தெரு இதற்குப் பேர் போனது. மற்ற ஊர்களில் பெரிய மளிகைக் கடைகள் இருக்கும் தெருவில் ஒரு நாட்டு மருந்துக் கடையாவது இருக்கும். விலை பருவத்துக்கும் கடைக்கும் மாறும். ஆனால் தொடக்கத்துக்குச் சுக்கு 50 கிராம், மல்லி 100, மிளகு 25, ஆவாரம்பூ 50, நன்னாரி வேர் 100, வெட்டிவேர் 50 என்று வாங்க 500 ரூபாய் எடுத்துப் போனால் போதும், சில்லறையோடு திரும்பலாம். கிலோ கணக்கில் வாங்கினால் மலிவு என்று கடையில் சொல்வார்கள். வேண்டாம். ஒரு தடவைக்கு 5 கிராம் போட்டால் 50 கிராம் பத்துத் தடவைக்கு வரும். அதற்குள் உங்களுக்குப் பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும்.

முழுதாக வாங்குங்கள். பொடியாக வாங்கினால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நான் கவனிக்கச் சொல்கிற இடங்கள் இவை:

நன்னாரி என்று கேட்டால் சில இடங்களில் மாகாளிக் கிழங்கைக் கொடுப்பார்கள். இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே மணம், அதனால் முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நன்னாரி வேர் மெல்லியதாக, பென்சிலை விட ஒல்லியாக, கரும்பழுப்புத் தோலோடு இருக்கும். மாகாளி விரல் பருமனுக்கு மேல் சதைப்பற்றாக இருக்கும். மாகாளி விஷமில்லை, ஊறுகாய் போடுகிறோமே. நன்னாரி விலையைக் கொடுத்து அதை வாங்க வேண்டாம் என்பதுதான்.

இலவங்கப்பட்டையில் இலங்கைச் சுருள்பட்டை மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டிருக்கும், கையால் நொறுக்கலாம். தடிப்பான ஒற்றைப் பட்டையாக, உடைக்கக் கஷ்டமாக இருப்பது காசியா வகை. அதில் கூமரின் என்ற பொருள் அதிகம். அளவு மீறித் தினமும் குடித்தால் கல்லீரலுக்கு நல்லதல்ல. குழம்புக்கு எப்போதாவது போட எது இருந்தாலும் சரி, தினசரி பானத்துக்குச் சுருள்பட்டை வாங்குங்கள்.

மிளகை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நல்ல மிளகு அடியில் போகும். பப்பாளி விதை கலந்திருந்தால் மேலே மிதக்கும்.

சீரகம், பெருஞ்சீரகம், கருஞ்சீரகம், காட்டுச்சீரகம் எல்லாம் வெவ்வேறு சரக்கு. ‘சீரகம்’ என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். காட்டுச்சீரகம் கடும் கசப்பு, இந்த வேலைக்கு அது வேண்டவே வேண்டாம்.

பாக்கெட்டில் வாங்கினால் உணவுப் பொருளாக விற்கப்படுவதில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்க வேண்டும். சித்த மருந்தாக விற்கப்படுவதில் மருந்து உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, சரக்குப் பட்டியல் எல்லாம் இருக்க வேண்டும். இரண்டு எண்ணும் இல்லாத பாக்கெட்டை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பில்லைக் கேட்டு வாங்குங்கள். ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போனால், எங்கே எப்போது வாங்கியது என்று காட்ட அதுதான் இருக்கும்.

‘ஸ்லிம் டீ’, ‘டீடாக்ஸ் டீ’ என்று வருகிற பாக்கெட்டுகளின் பட்டியலில் சென்னா என்ற பெயரைத் தேடுங்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் விளைந்து வெளிநாட்டுக்குப் போகிற நம்ம நிலாவாரைதான் அது. நல்ல பேதி மருந்து. எடை குறைந்தது போலத் தெரிவது வயிற்றிலிருந்து போன தண்ணீர்.

தெருவோரத்துச் செடியில் பூப் பறிக்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். பொன்னரளிப் பூவும் மஞ்சள்தான், ஆனால் அது கொல்லும் விஷம். பூக்கடை ரோஜாவும் வேண்டாம். பூச்சிமருந்து தெளித்து வந்திருக்கும், சாமிக்கு மட்டும் போடுங்கள்.

3. பாத்திரமும் தராசும்

எவர்சில்வர் பாத்திரம், மூடி, மெல்லிய வடிகட்டி அல்லது வெள்ளைத் துணி, சின்ன இடிகல். இவ்வளவு போதும். இரும்பும் அலுமினியமும் வேண்டாம். துவர்ப்பும் புளிப்பும் உள்ள சரக்கு இவற்றோடு சேர்ந்து நிறமும் ருசியும் மாறும். செம்பில் நெல்லி, எலுமிச்சை சேர்ந்ததை வைக்கவே கூடாது. செலவு செய்ய ஆசை இருந்தால் மண்சட்டி வாங்காமல் 300, 400 ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் தராசை வாங்குங்கள். ஸ்பூன் கணக்கு ஏமாற்றும். ஒரு ஸ்பூன் காய்ந்த பூவும் ஒரு ஸ்பூன் பட்டைப் பொடியும் எடையில் எங்கேயோ இருக்கும்.

4. பூவும் மணமுள்ள இலையும்: அடுப்பை அணைத்த பிறகு

தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்து, பிறகு போட்டு மூடுங்கள். ஐந்து முதல் ஏழு நிமிஷம். வடிகட்டிக் குடிக்கலாம். துளசி, கற்பூரவல்லி, புதினா, எலுமிச்சைப்புல் எல்லாவற்றுக்கும் இதே முறை. மூடுவது முக்கியம். சமையலறை முழுக்க மணந்தால், டம்ளரில் இருக்க வேண்டியது காற்றில் போய்விட்டது என்று அர்த்தம்.

பச்சை இலையென்றால் ஒரு டம்ளருக்கு ஏழெட்டுத் துளசி, அல்லது இரண்டு கற்பூரவல்லி. காய்ந்த இலையென்றால் பச்சையின் எடையில் மூன்றில் ஒரு பங்கு.

ஆவாரம்பூ காய்ந்தது 2 கிராம், 200 மில்லி தண்ணீர். வாங்கியதைத் தாளில் கொட்டி நெற்று, இலை, குச்சியை எல்லாம் பொறுக்கிவிடுங்கள். அவை வயிற்றைக் கலக்கலாம். புதிய பூ வேண்டுமென்றால் போகிக்கு முந்தின நாட்களில் சந்தையில் காப்புக் கட்டுவதற்காகக் கட்டுக்கட்டாக வரும். ஆனால் தெருவில் புழுதியில் கிடந்து வருவது, நன்றாக அலசி நிழலில் காய வையுங்கள். வெயிலில் போட்டால் நிறம் வெளுத்துவிடும்.

சங்குப்பூ, செம்பருத்தி இரண்டும் அழகுக்காகவே போடலாம். சங்குப்பூவின் நீல நீரில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகும், குழந்தைகள் கேட்டுக் கேட்டுப் போடச் சொல்வார்கள். செம்பருத்தியில் ஐந்து இதழ் சிவப்பு வகை, இதழ் மட்டும். எலுமிச்சையை இறக்கி ஆறிய பிறகு பிழியுங்கள்.

ஆடாதோடை, வேம்பு மாதிரி மணமில்லாத கசப்பு இலைகள் இந்த முறைக்கு வராது. அவை பட்டை மாதிரிக் கொதிக்க வேண்டியவை. அவற்றை மருத்துவர் சொன்னால் மட்டும் போடுங்கள்.

5. விதை

வெறும் சட்டியில் லேசாக வறுத்து, ஒன்றிரண்டாக இடித்து, மூன்று நிமிஷம் கொதிக்க விட்டு மூடி வைக்க வேண்டும். முழுசாகப் போட்டால் நிறம் வரும், சாரம் வராது. சீரகம், சோம்பு ஒரு டம்ளருக்கு அரை டீஸ்பூன். ஓமம் காரம், அதில் பாதி போதும். முன்கூட்டியே இடித்து வைக்காதீர்கள்.

6. வேர்

வேரென்றால் கொதிக்க வைக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். அதிமதுரத்துக்கு அது சரி. நன்னாரிக்கும் வெட்டிவேருக்கும் சரியில்லை. இந்த இரண்டும் மணத்துக்காகவே இருக்கின்றன. கொதித்தால் மணம் போய் வெறும் மரத்தண்ணீர் மிஞ்சும். இவற்றுக்கு ஊறல்தான்.

நன்னாரியில் மணமெல்லாம் தோலில். வேரைப் பல தண்ணீரில் கழுவி மண் போக்கி, இடிகல்லில் தட்டினால் தோல் பிளந்து நடுவே வெள்ளையாக ஒரு கட்டை தெரியும். அதை உருவி எறியுங்கள். கொஞ்சம் பொறுமை வேண்டிய வேலை, டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம். கட்டையோடு போட்டால் எடை காட்டும், மணம் காட்டாது.

அப்புறம் சர்பத்துக்கு: தட்டியெடுத்த தோல் 50 கிராம். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி அதில் போட்டு மூடி, இரவு முழுக்க ஊறட்டும். காலையில் துணியில் வடிகட்டி, ஒரு கிலோ சர்க்கரை சேர்த்து, சிறு தீயில் விரலில் ஒட்டுகிற பதம் வரும் வரை மட்டும் வைத்து இறக்குங்கள். கம்பிப் பதம் வரை விட்டால் பாட்டிலில் கற்கண்டாகிவிடும். ஆறியதும் ஓர் எலுமிச்சம்பழச் சாறு. ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். நிறம் வெளிர்ப் பழுப்பாகத்தான் வரும். கடை சர்பத்து மாதிரிக் கருஞ்சிவப்பாக வரவில்லையே என்று கவலைப்படாதீர்கள், அது பெரும்பாலும் சேர்த்த நிறம். சர்க்கரை வேண்டாம் என்பவர்கள் காலையில் வடிகட்டிய ஊறலை அப்படியே தண்ணீர் கலந்து குடிக்கலாம். எனக்கு அதுதான் பிடிக்கும்.

வெட்டிவேரைக் கழுவக் கழுவ மண் வந்துகொண்டே இருக்கும். தண்ணீர் தெளியும் வரை விடாதீர்கள். சின்னக் கட்டாகக் கட்டி மண்பானைத் தண்ணீரில் போட்டால் சில மணி நேரத்தில் மணம் இறங்கும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: இது சூடு படாத முறை, கிருமி சாகாது. பானையில் ஊற்றும் தண்ணீர் கொதித்து ஆறியதாகவோ கேன் தண்ணீராகவோ இருக்கட்டும். பானைத் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தரம் வேரை எடுத்து வெயிலில் காயப் போட்டுத் திரும்பப் போடலாம். வழுவழுப்போ புளித்த வாடையோ வந்தால் பானைக்கு அது இனி ஆகாது.

அதிமதுரம் தட்டியது 2 கிராம், ஒரு டம்ளர் தண்ணீர், பத்து நிமிஷம் கொதி. தினமும் வேண்டாம். தொண்டை கரகரக்கும்போது ஓரிரு நாள் போதும்.

7. சுக்கு மல்லி: இதிலிருந்து தொடங்குங்கள்

எதைப் போடுவது என்று யோசிக்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். செலவும் குறைவு, தவறுவதும் கஷ்டம்.

சுக்கு வெள்ளை வெளேரென்று இருந்தால் சுண்ணாம்பு பூசியது. எந்தச் சுக்கானாலும் தோலைக் கத்தியால் சுரண்டிவிடுங்கள். ‘சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு’ என்று சித்த மருத்துவத்தில் சொல்வது இதைத்தான்: சுக்கில் தோலும் கடுக்காயில் கொட்டையும் ஆகாது.

மல்லி 100 கிராம், சுக்கு 50, மிளகு 10, ஏலக்காய் ஐந்தாறு. மல்லியையும் மிளகையும் மட்டும் வாசம் வரும் வரை வறுங்கள். சுக்கை அப்படியே மிக்ஸியில் போட்டால் பிளேடு போய்விடும், முதலில் உரலில் நொறுக்குங்கள். எல்லாம் சேர்த்துக் கரகரப்பாகப் பொடித்து வையுங்கள். இரண்டு டம்ளர் தண்ணீருக்கு இரண்டு டீஸ்பூன், ஐந்து நிமிஷம் கொதி, கடைசியில் கருப்பட்டி. கருப்பட்டியைத் தனியே கரைத்து வடிகட்டித்தான் சேர்க்க வேண்டும், மண் இருக்கும். பால் வேண்டாம்.

8. பட்டை: சுண்டக் காய்ச்சுவது

குடிநீர் என்றும் கஷாயம் என்றும் சொல்வது சரியாக இதைத்தான். சரக்கைப் பொறுத்து நாலுக்கு ஒன்றாகவோ எட்டுக்கு ஒன்றாகவோ வற்ற வைப்பார்கள். வீட்டுக்கு நாலுக்கு ஒன்று போதும். மருதம்பட்டை இடித்தது 5 கிராம், தண்ணீர் 200 மில்லி, சிறு தீ, 50 மில்லியாக வற்ற வேண்டும். இதய நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் இதை யூடியூப் பார்த்துத் தொடங்க வேண்டாம்.

வற்றியதா என்று எப்படித் தெரியும்? முதலில் 50 மில்லி தண்ணீரை மட்டும் பாத்திரத்தில் ஊற்றி, ஒரு மரக் கரண்டிக் காம்பை நட்டு, நனைந்த இடத்தில் கோடு போடுங்கள். மீதி 150 மில்லியையும் பட்டையையும் பிறகு சேருங்கள். கோடு வரை இறங்கியதும் அணைத்துவிடலாம். அகலப் பாத்திரத்தில் சீக்கிரம் வற்றும், ஆனால் சாரம் இறங்க நேரம் இருக்காது. கால் மணி நேரத்துக்கு முன் வற்றினால் தீ அதிகம் என்று அர்த்தம். கொதிக்கும்போது மூட வேண்டாம்.

கடையில் கிடைக்கும் நிலவேம்புக் குடிநீர்ச் சூரணத்துக்கும் ஏறத்தாழ இதே கணக்குதான். நிலவேம்பு, வெட்டிவேர், சுக்கு, மிளகு உட்பட ஒன்பது சரக்கு கொண்டது அது. தனித்தனியாக வாங்கிக் கலக்க நினைக்காதீர்கள். அரசு நிறுவனமான டாம்ப்கால் தயாரிப்பதை வாங்குங்கள், அல்லது அரசு மருத்துவமனை சித்தா பிரிவில் கேளுங்கள். காய்ச்சல் வந்தால் இதைக் குடித்துவிட்டு வீட்டில் காத்திருக்க வேண்டாம், ரத்தப் பரிசோதனை முதலில்.

9. காய்

நெல்லிக்காயை வேக வைக்காதீர்கள், சூட்டில் வைட்டமின் சி குறையும். அரைத்துப் பிழிந்து, தண்ணீரும் உப்பும் சேர்த்து உடனே குடித்துவிட வேண்டும். கடுக்காய் பேதியாக்கும், பானமாக வேண்டாம்.

10. எப்போது குடிப்பது, எவ்வளவு நாள் வைப்பது

ஊறலும் பூ டீயும் அன்றன்றைக்கு. சுண்டக் காய்ச்சியதை மூன்று, நான்கு மணி நேரத்துக்குள் குடித்துவிடுங்கள், திரும்பச் சூடு பண்ண வேண்டாம். மாத்திரைக்கும் இவற்றுக்கும் இரண்டு மணி நேர இடைவெளி இருக்கட்டும். இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்கள் இதில் கண்டிப்பாக இருங்கள், பட்டைத் துவர்ப்பு இரும்பை உடம்பில் சேரவிடாது.

புதிய சரக்கை ஒரு சமயத்தில் ஒன்றுதான் தொடங்க வேண்டும். நாலைந்தைச் சேர்த்துக் குடித்து உடம்பு அரித்தால் எது காரணமென்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? ஒரு வாரம் ஒன்று, அப்புறம் அடுத்தது. எதையும் மாதக்கணக்கில் விடாமல் குடிக்க வேண்டாம்.

காய்ந்த பூ, இலை ஆறு மாதம் வரை தாங்கும். முழு வேர், பட்டை, சுக்கு ஒரு வருஷம். பொடி மூன்று மாதம். கண்ணாடி பாட்டில், இருட்டு அலமாரி, மூடியில் வாங்கிய தேதி. சுக்கில் துளை தெரிந்தாலோ பாட்டில் அடியில் மாவு சேர்ந்தாலோ வண்டு வந்துவிட்டது, பாட்டிலோடு காலி செய்யுங்கள். பூஞ்சணம் பிடித்ததை வெயிலில் காய வைத்துக் காப்பாற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மணம் போன வெட்டிவேரை மட்டும் எறிய வேண்டாம். நன்றாகக் காய வைத்தால் குளிக்கும்போது தேய்க்க நாராக வரும்.